வலி இல்லையென்றால் வயிற்றில் பூச்சி இல்லையா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் கிராமம். அம்மா நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறவர், வயது 44. ஹீமோகுளோபின் 7.2 என்று வந்திருக்கிறது. சில மாதங்களாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. நர்ஸ் பூச்சி மாத்திரை கொடுத்தார். "எனக்கு வயித்துவலியே இல்லை, பூச்சி எங்கேர்ந்து வரும்" என்று அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். பெரியப்பாவுக்கு யானைக்கால். எங்களுக்கும் வருமா? சின்ன வயதில் வீடு வீடாகக் கொடுத்த யானைக்கால் மாத்திரையை இப்போது ஏன் காணோம்? அக்கா பையனுக்கு வலிப்பு வந்து, ஸ்கேனில் மூளையில் பூச்சிக்கட்டி என்றார்கள். எங்கள் வீட்டில் பன்றிக்கறி யாரும் தொட்டதில்லை. அது எப்படி? பையன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் பூச்சியாலா?

பதில்:

தம்பி, நான் டாக்டர் இல்லை. டெல்டாவில் ஆய்வகத்தில் மலமும் ரத்தமும் நுண்ணோக்கியில் பார்த்தே வேலைக்காலத்தை ஓட்டியவன். மருந்தின் அளவையும் நாளையும் டாக்டர் சொல்லட்டும். இந்தப் பூச்சிகளின் குணத்தை நான் சொல்கிறேன்.

முதலில் அம்மா. மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8க்குக் கீழே போனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது கடுமையான ரத்தசோகை. 7.2 வைத்துக்கொண்டு வெயிலில் குனிந்து நாற்று நடுகிறார் என்றால் உடம்பு அந்தக் குறைக்குப் பழகிவிட்டது என்றுதான் அர்த்தம், தாங்குகிறது என்று அர்த்தமில்லை. மெதுவாக இறங்கும் ரத்தத்துக்கு உடம்பு இப்படித்தான் வளைந்துகொடுக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, சாயங்காலம் பாதம் வீங்குவது, நகம் குழிந்து கரண்டி மாதிரி ஆவது, பச்சரிசியோ சாம்பலோ மண்ணோ தின்னத் தோன்றுவது இதெல்லாம் உண்டா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மண் தின்றதால் சோகை வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: இரும்புச்சத்து குறைந்ததால்தான் அந்த ஆசையே வருகிறது. வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், நீங்களாகக் கேட்டால்தான் வரும்.

மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் மூன்றில் ஒன்று. ஒழுங்காகச் சாப்பிடவில்லை, சாப்பிட்டதை டீயோ காபியோ கெடுக்கிறது, அல்லது உள்ளே போவதற்கு ஈடாக எங்கேயோ கசிகிறது. 44 வயதில் மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்தபடியாக, மண்ணில் கால் வைத்து வேலை செய்கிற ஒருவரிடம், நான் சந்தேகப்படுவது கொக்கிப்புழுவை.

அம்மா சொன்னதில்தான் சிக்கலே இருக்கிறது. "வலி இல்லை, அதனால் பூச்சி இல்லை." கொக்கிப்புழுவுக்கு வலி உண்டாக்க வேண்டிய அவசியமே கிடையாது. ஒரு சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். சிறுகுடலின் சவ்வைக் கவ்விக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளைச் சுரந்து, குடித்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து இடம் மாறினாலும் பழைய இடம் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். நம் பக்கம் அதிகம் காணப்படும் இனம் ஒரு நாளைக்கு ஒரு புழுவுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தை வீணாக்குகிறது. ஒரு முழுச் சொட்டுகூட இல்லை. ஆனால் 100 புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லி, மாதம் 90 மில்லி. நல்ல ரத்தத்தில் ஒரு மில்லிக்கு அரை மில்லிகிராம் இரும்பு என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரை மில்லிகிராம் போகிறது. சோறும் குழம்பும் ரசமுமாகச் சாப்பிடும் ஒரு பெண்ணின் குடல் ஒரு நாளில் உறிஞ்சுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் மாதவிடாய்ச் செலவு வேறு. வரவும் செலவும் சமமாக ஓடும் குடும்பத்தில் ஒரு நிரந்தர வட்டி சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது. இன்னொரு இனம் இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் குடிக்கும்.

எப்படி வருகிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. சேற்றில் இறங்கினாலே வரும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் கட்டி நிற்கும் களிமண் வயல் கொக்கிப்புழுவின் குஞ்சுக்கு அவ்வளவு உகந்த இடமல்ல. அதற்கு நிழல், ஈரம், பொலபொலப்பான மண், மலம் இந்த நாலும் ஓரிடத்தில் சேர வேண்டும். மூங்கில் தோப்பு, வாழைத் தோட்டம், ஆற்றுப் படுகை, வாய்க்கால் கரை, கொல்லைப்புறப் புதர். ஊரில் எல்லோரும் ஒதுங்கும் இடங்கள்தான் இவை. மலத்தோடு விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஐந்து முதல் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அடுத்தவர் வெறுங்காலோடு அங்கே போய் நிற்கும்போது விரலிடுக்கு வழியாக உள்ளே நுழைகிறது. அந்த இடம் இரண்டு நாள் அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். அங்கிருந்து ரத்தத்தோடு நுரையீரல், நுரையீரலிலிருந்து தொண்டை, தொண்டையில் விழுங்கப்பட்டுக் குடல். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் முட்டையிட ஆரம்பித்துவிடும். சில வருடங்கள் உயிரோடிருக்கும்.

தோல் வழியாக ஒரு குடற்புழு நுழையும் என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. கெய்ரோவில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், 1890களின் இறுதியில், கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீரைத் தற்செயலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். கை சிவந்து அரித்தது. பிறகு தன் மலத்தையே சோதித்துப் பார்த்து, முட்டை வந்ததைக் கண்டு எழுதினார். ஆய்வகத்தில் கையுறை போடச் சோம்பல்படும் பையன்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வதுண்டு.

சோம்பல் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். 1902இல் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்தப் புழு பரவலாக இருப்பது தெரிந்தபோது, அங்கே பத்திரிகைகள் இதைச் சோம்பேறித்தனத்தின் கிருமி என்று எழுதின. பின்னர் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கிருந்து கிளம்பி உலகம் முழுக்கக் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையில் இறங்கியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் சோதித்த தொழிலாளர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போன நம் சனம். 1920களில் மெட்ராஸ் மாகாணத்திலும் அதே வேலை நடந்தது. தோட்டத்துரைகளுக்கு அக்கறை வந்ததற்குக் காரணம் கருணை அல்ல. சோகை பிடித்த ஆள் குறைவாகத்தான் கொழுந்து கிள்ளுவான் என்கிற கணக்கு. காரணம் எதுவாயிருந்தாலும், "வேலைக்கு வணங்காதவன்" என்று திட்டப்பட்டவர்களில் எத்தனை பேர் ரத்தமில்லாதவர்கள் என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்கள். இன்றைக்கும் நடவுப் பெண்கள் "ஒரே அலுப்பா இருக்கு" என்றால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்போது அலமாரியில் இருக்கும் மாத்திரை. அது அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், சப்பிச் சாப்பிட வேண்டியது. ஒரே வேளையில் நாக்குப்பூச்சியைக் கிட்டத்தட்ட முழுக்கத் தீர்த்துவிடும். கொக்கிப்புழுவில் ஐந்து பேரில் நான்கு பேருக்குத் தீரும், மற்றவருக்கும் புழுவின் எண்ணிக்கை குறையும். சாட்டைப்புழுவுக்கு ஒரு வேளை போதாது. ஆகவே டாக்டர் மறுபடி சாப்பிடச் சொன்னால் ஏன் என்று சண்டை போட வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் கூடாது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கானது; பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும்தான் பிள்ளைகளிடம் அதிகம் குவிபவை. கொக்கிப்புழு பெரியவர்களிடமும் வயது ஏற ஏறக் குவிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, அதே வீட்டில் நடவுக்குப் போகும் தாயை விட்டுவிட்டால் மண் சுத்தமாவது எப்படி? குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. உங்கள் ஊர் நர்ஸ் கேட்காமலே கொடுத்திருக்கிறார் என்றால் வேலை தெரிந்தவர். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பூச்சி மாத்திரை மட்டும் ரத்தத்தை ஏற்றாது, கசிவை நிறுத்தும், அவ்வளவே. ரத்தம் ஏற இரும்பு மாத்திரைதான். அதை டீ, காபிக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி, நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துச் சாப்பிடட்டும். ஹீமோகுளோபின் 12க்கு வந்த பிறகும் மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும். மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம்.

பையன் பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் தொடர்பு இருப்பதாக உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. பூச்சி இல்லாத பிள்ளைகளும் தாராளமாகக் கடிக்கிறார்கள். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும் அப்படித்தான். வெல்லத்தில் பூச்சியின் முட்டை இருப்பதில்லை, கழுவாத கையில் இருக்கிறது. ராத்திரி ஆசனவாயில் அரிப்பு, தூக்கம் கெடுவது, உள்ளாடையில் வெள்ளை நூல் மாதிரி அசைவது இருந்தால் அது கீரிப்பூச்சி. அதற்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பிரயோசனமில்லை. வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சாப்பிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, பாய் தலையணை உறையை வெந்நீரில் துவைத்துப் போட வேண்டும். நாக்குப்பூச்சி வேறு, ஒரு அடி நீளம் வரை வளரும், ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை போடும், அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். அதிகமாகச் சேர்ந்தால் குடலை அடைக்கும், சில சமயம் பித்தக்குழாய்க்குள் ஏறிவிடும். வேப்பங்கொழுந்து உருண்டை கொடுக்கும் பாட்டிகளோடு எனக்கு விரோதமில்லை. ஆனால் 7.2 ஹீமோகுளோபினுக்கு அது மருந்தாகாது.

பெரியப்பாவின் கால். டெல்டாவைப் பற்றிப் பேசிவிட்டு யானைக்காலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கும்பகோணத்தின் பெயரோடு வெற்றிலை, டிகிரி காபி, கொசு மூன்றும் சேர்ந்தே வந்த காலம் ஒன்று இருந்தது.

இது கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் பைலேரியா புழு. நிணநீர்க் குழாய்களுக்குள் சுருண்டு கிடந்து ஐந்தாறு வருடம், சில சமயம் அதற்கு மேலும் வாழும். அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் வெளி ரத்தத்துக்கு வரும், பத்து மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் உச்சம். கொசு கடிக்கும் நேரம் பார்த்து வருகின்றன. பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் எங்கள் ஆட்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். தூக்கத்தில் எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? நாய் துரத்தியதும், "ரத்தத்தை எடுத்து விக்கிறாங்க" என்று வதந்தி கிளம்பியதும் எல்லாம் உண்டு.

உங்கள் பயத்துக்குப் பதில் இது: பெரியப்பாவைத் தொடுவதால் வராது, அவர் செருப்பைப் போட்டால் வராது, பரம்பரையாகவும் வராது. இன்னொன்று, கால் தடித்துப்போன நிலையில் பெரும்பாலும் ரத்தத்தில் குஞ்சே இருப்பதில்லை. பரப்புகிறவர் வேறு யாரோ. நன்றாக நடந்துகொண்டு, ஒரு குறையும் தெரியாமல், ரத்தத்தில் குஞ்சோடு இருக்கிறவர்தான் கொசுவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஊர் ஒதுக்கி வைத்தது தவறான ஆளை. கொக்கிப்புழுவில் நாம் பார்த்த அதே சங்கதிதான்: நோய் தெரிகிற இடத்தில் பூச்சி இல்லை, பூச்சி இருக்கிற இடத்தில் நோய் தெரியவில்லை.

ஒன்றிரண்டு கடியில் இது வந்துவிடாது. புழு மனித உடம்புக்குள் பெருகாது. உள்ளே போன ஒவ்வொன்றும் கொசு தனித்தனியாகக் கொண்டுவந்ததே. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்கினால்தான் நோயாக மாறும். அதனால்தான் வந்துபோகும் விருந்தாளிக்கு வராமல், சாக்கடை ஓரத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வந்தது.

தெருவுக்கு வந்த மாத்திரை டி.இ.சி. 1947இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. காரைக்காலில் 1982 முதல் 1986 வரை ஒரு சோதனை நடந்தது: மாத்திரை கொடுக்காமல், டி.இ.சி. கலந்த சமையல் உப்பையே மாவட்டம் முழுக்க விற்க வைத்தார்கள். மாத்திரையைச் சாப்பிட மறுப்பவர்கூட உப்பில்லாமல் சாப்பிட மாட்டார் அல்லவா. ரத்தத்தில் குஞ்சு இருப்போர் எண்ணிக்கை மிகவும் விழுந்தது. என்னைக் கேட்டால், டெல்டாவில் நடந்த பொது சுகாதார வேலைகளில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுதான். ஆனால் வேறெந்த உப்பும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது பெரிய மாநிலத்தில் நடக்கிற காரியமில்லை. ஆகவே பின்னாளில் வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை என்ற வழி வந்தது. 2004 முதல் நாட்டில் இந்த நோய் பரவியிருந்த மாவட்டங்களில். டி.இ.சி.யோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது. சாப்பிட்ட அன்று சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வாந்தி வரும். ரத்தத்தில் குஞ்சுகள் சாவதால் வருவது அது, அதாவது மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்துப் பயந்து கூரையில் செருகி வைத்தவர்கள்தான் அதிகம்.

இப்போது ஏன் காணோம் என்றால், பல வருடங்கள் கொடுத்த பிறகு ஆறேழு வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். மாத்திரைக் காலத்தில் பிறந்த பிள்ளைகளிடம் தொற்று வரம்புக்குக் கீழே இருந்தால் பரவல் அறுந்துவிட்டது என்று கணக்கு; விநியோகத்தை நிறுத்திவிட்டுக் கண்காணிப்புக்கு மாறுவார்கள். தமிழ்நாட்டின் பழைய யானைக்கால் மாவட்டங்கள் பல இப்படித் தேறியவை. கொசு குறையவில்லை, சாக்கடை மாறவில்லை, செப்டிக் டேங்க் காற்றுக்குழாயில் வலை கட்டுவோர் இன்றும் குறைவு. வடக்கிலிருந்து நடவுக்கும் கட்டட வேலைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சிலரது மாவட்டங்களில் இன்னும் பரவல் இருக்கிறது. அதற்காக அவர்களைச் சந்தேகமாகப் பார்க்கச் சொல்லவில்லை. அவர்களுக்கும் ராத்திரி ரத்தம் பார்த்து மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறேன். இலங்கைக்கும் மலாயாவுக்கும் நாம் கொண்டுபோனதை மறந்துவிடக் கூடாது.

பெரியப்பாவுக்கு மாத்திரையால் கால் வடியாது. அவர் காலைக் கெடுப்பது இப்போது புழு அல்ல, தோல் வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியா. குளிர் காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுவது, கால் சிவந்து சூடாவது என்று அவ்வப்போது வருகிறதல்லவா? ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் ஒரு படி பெருக்கும். தினமும் சாதாரண சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்பிருந்தால் களிம்பு தடவி, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தாலே அந்தத் தாக்குதல்கள் பெருமளவு குறையும். பைசா செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ யாரும் மதிப்பதில்லை. ஆண்களுக்கு வரும் விரைவீக்கமும் பல நேரம் இதே புழுவால்தான். அதற்கு அறுவை சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையில் இலவசம். வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்ட வேண்டியதில்லை.

டெல்டாவில் இத்தனை தண்ணீர் இருந்தும் மலேரியா ஏன் பெரிதாகப் பேசப்படவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பழைய டெல்டாவில் மலேரியா குறைவு. 1934இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணைக் கால்வாய் பட்டுக்கோட்டைப் பக்கம் புதிதாகத் தண்ணீர் கொண்டுபோனது. பின்னாலேயே அங்கே மலேரியா வெடித்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் வந்து ஆராய்ந்தார். அவரும் உடன் வேலை பார்த்த டி.ஆர். ராவும் கண்ட ஒரு விஷயம் எனக்கு இன்னமும் வியப்பு. மலேரியா பரப்பும் அந்தக் கொசு, நாற்று நட்ட புதிதில் வயல்நீரில் முட்டையிடும். பயிர் ஓரடி உயரம் வளர்ந்ததும் நிறுத்திவிடும். காரணம் நிழலா, தண்டுகளின் தடுப்பா என்று தண்ணீரில் குச்சிகளை நட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். நீர்மேல் ஆடி ஆடி முட்டையிடும் கொசுவுக்குத் தண்டுகள் முட்டுக்கட்டை. வயலும் வாய்க்காலும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், எந்தத் தண்ணீர், எந்த வாரம் என்பதைப் பொறுத்து நோய் மாறும்.

அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்கு வருவது நாடாப்புழு, குடலில். அவர் மலத்தில் முட்டை போகும். அந்த முட்டை கீரை, கொத்தமல்லி, தண்ணீர், சமைத்தவர் கை வழியாக யார் வாய்க்குப் போகிறதோ, அவருடைய மூளையில்தான் கட்டி. பன்றிக்கறியைக் கண்ணால் காணாதவருக்கும், சுத்த சைவருக்கும் வரும். முன்பு இப்படி ஸ்கேனில் தெரியும் சின்ன ஒற்றைக் கட்டியைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் கட்டியே என்று வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகர் போன்றோர் 1990களில் காட்டினார்கள். ஒற்றைக் கட்டியென்றால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் கரைந்துவிடும். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஒரு எச்சரிக்கை: "பூச்சிதானே" என்று நீங்களே அல்பெண்டசோல் வாங்கி நாள்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் புழு சாகும்போது வீக்கம் வரும், அதனால் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து, மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லோரும், சமையலுக்கு உதவுகிறவர் உட்பட, மலப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

குடலில் இருந்துகொண்டு வேறெங்கோ அடிக்கும் இன்னொன்று அமீபா. இதற்குக் கும்பகோணத்துப் பெயர் ஒன்றே போதும்: சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன். 1914இல் இங்கிலாந்து போவதற்கு முன்பே அவருக்கு இரண்டு முறை சீதபேதி வந்திருந்தது. அங்கே காய்ச்சலும் வலியும் இளைப்புமாக ஆனபோது காசநோய் என்றார்கள். ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் 32 வயதில் இறந்தார். 1994இல் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை அலசி, அது கல்லீரலில் இறங்கிய அமீபாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதினார். பிணப் பரிசோதனை இல்லாததால் இது முடிந்த முடிவாகாது. ஆனால் அறிகுறிகளோடு பொருந்துகிறது. வயிறு எரிகிற விஷயம் என்னவென்றால், 1912இலேயே கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் எமெட்டின் ஊசியால் அமீபாவைக் குணமாக்கிக் காட்டியிருந்தார். மருந்து இருந்தது, அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. கல்லீரலுக்குப் போனபின் மலத்தில் பெரும்பாலும் அமீபா தெரியாது. எங்கள் மேசையிலிருந்து "இல்லை" என்று சீட்டு போகும், நோய் உள்ளே இருக்கும். சீதபேதி வந்து போனவருக்கு, வாரங்களோ மாதங்களோ கழித்து வலது விலாவின் கீழ் வலியும் காய்ச்சலும் வந்தால், குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ள ஆண்கள் என்றால், அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். குளோரின் போட்ட தண்ணீரிலும் அமீபாவின் கூடு தப்பிவிடும், கொதித்தால் தப்பாது.

குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாடு குளிப்பாட்டும் குளத்தில் முங்கிக் குளிப்பவருக்கு மூக்கில் ரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ந்தால் அது ரைனோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணியாக இருக்கலாம். பூஞ்சை என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் மீன் ஒட்டுண்ணிகளின் உறவு என்று தெரிந்தது. மாத்திரைக்குப் போகாது, அடியோடு வெட்டி அந்த இடத்தைச் சுட வேண்டும். காது மூக்கு டாக்டரிடம் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அம்மா இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் ரத்தப்படலம் பார்க்கவும் மலப் பரிசோதனைக்கும் எழுதி வாங்குங்கள். மலத்தைக் காலையில் எடுத்துச் சாயங்காலம் கொண்டுவராதீர்கள். கொக்கிப்புழு முட்டை கண்ணாடித்தகட்டில் வைத்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மங்கிவிடக் கூடியது, டப்பாவில் நாள் முழுக்கக் கிடந்தால் பொரிந்தே விடும். எடுத்த சூட்டோடு வந்து கொடுங்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் இன்னொரு நாளும் கொடுங்கள். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதிரி கொடுத்த பிறகு அலமாரி மாத்திரையை, காலாவதித் தேதி பார்த்து, சப்பிச் சாப்பிட்டுவிடட்டும். நான்கு வாரம் கழித்து மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஏறியிருந்தால் வழி சரி. ஏறவில்லையென்றால் தாமதிக்காமல் தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், வயிற்றில் புண்ணோ கட்டியோ கருப்பையில் கோளாறோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை நடவுக்குப் போக வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார். டாக்டர் வாயால் சொல்லவையுங்கள்.